நாற்பத்தோராவது பெட்டி

எங்கள் கட்டடத்தின் தீ மணிக்கு நல்ல தொண்டை. அடித்தால் நெஞ்சு ஒரு கணம் நின்று பிறகுதான் ஓடும். வருடத்துக்கு நான்கைந்து தடவை அடித்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தீ இருந்ததில்லை. மூன்றாம் மாடியில் யாராவது ரொட்டியைக் கருக்கியிருப்பார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் அடித்தது. நான் அடித்தளத்தில் ஸ்கேன் அறையில் இருந்தேன். பழைய மழையளவு அறிக்கை ஒன்றின் எழுபத்து மூன்றாம் பக்கம் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதை எடுத்து, பெட்டியில் வைத்து மூடி, விளக்கை அணைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். எல்லோரும் புல்வெளியில் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து நின்றார்கள். யாருக்கு யார் சிநேகம் என்று தெரிந்துகொள்ளத் தீ மணியைவிட நல்ல வழி கிடையாது. நான் வழக்கமாக சைக்கிள் கொட்டகை ஓரம் தனியாக நிற்பேன். அன்று அந்த இடத்தில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். தோளில் துணிப்பை. கழுத்தில் அளவு நாடா. கழற்ற மறந்து வந்திருக்கிறார்.

"நிஜமாவே தீயா?" என்றார்.

"இல்லைங்க. யாரோ ரொட்டி சுட்டிருப்பாங்க."

"ஒரு ரொட்டிக்கே இந்தக் கத்தலா? நிஜமா பிடிச்சா தொண்டை கட்டிப் போய் சும்மா இருந்துடப் போகுது."

நான் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது. இதை எழுதிக்கொள்ளுங்கள், புதன்கிழமை, காலை பத்து நாற்பது. வாக்குமூலத்தின் முதல் தாளில் நீங்கள் செவ்வாய் என்று போட்டிருக்கிறீர்கள். தேதியில் தவறு வந்தால் பின்னால் தேடுகிறவர்களுக்கு எதுவும் அகப்படாது. தொழில் பழக்கம், மன்னியுங்கள்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். எங்கள் ஆய்வு நிலையம் தொடங்கி எழுபது வருடம் ஆகிறது. அந்த எழுபது வருடத்தில் இங்கே எழுதப்பட்ட விஞ்ஞான அறிக்கைகள், வளாகத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, எழுத்தை இயந்திரம் சரியாகப் படித்திருக்கிறதா என்று பார்த்து, தலைப்பு, தேதி, பொருள் எல்லாம் குறித்து, மின்நூலகத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நிலை உண்டு. காத்திருப்பு, சரிபார்ப்பு, வெளியீடு. வெளியீட்டுக்கு வந்துவிட்டால் உலகத்தில் யாரும் பார்க்கலாம். சரிபார்ப்பில் இருக்கும்வரை சரிபார்ப்பவர் மட்டும்தான் பார்க்க முடியும்.

முன்பு நாங்கள் ஆறு பேர். ஒவ்வொருவராக மேல்மாடிக்கு மாற்றினார்கள். கடைசியில் நான் ஒருவன். ஆறு பேர் வேலையை ஒருவராகவே செய்கிறீர்களே என்று இயக்குநர் மனம்விட்டுப் பாராட்டினார். மறுநாள் மற்ற ஐந்து நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு மனைவி, பிள்ளை கிடையாது. இருப்பது ஒற்றை அறை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காவலாளிக்கு வணக்கம் சொல்லும்போது குரல் கரகரவென்று வரும். நாளெல்லாம் பழைய படங்களில் இருப்பவர்களோடுதான் இருப்பேன். எந்த விஞ்ஞானி யாருக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார், எந்தத் தட்டச்சுப் பெண் எந்த வருடத்தில் மூக்குக்கண்ணாடி போட்டார், எல்லாம் தெரியும். அவர்களுக்குத்தான் என்னைத் தெரியாது.

இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன்.

அந்த அம்மா வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்தார். அவருடைய அப்பா இங்கே வேலை பார்த்தவராம். படம் ஏதாவது இருக்குமா என்று கேட்டார். இருபது நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். கண் கலங்கிவிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி" என்றார். நான் போட்டுக் கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. அவர்மேல் குறை சொல்லவில்லை. தேடியது கிடைத்துவிட்டது, அப்புறம் எதற்கு வரவேண்டும்? நான் வேலையைச் சீக்கிரம் முடித்தேன், அவரும் சீக்கிரம் போய்விட்டார். அன்று அந்த மீதி டீயைக் கொட்டும்போது இது என் மனதில் நன்றாகப் பதிந்தது.

இனி அந்த அம்மா வந்த விஷயம்.

மணி ஓய்ந்த பிறகு என்னோடு கீழே வந்தார். தையல்காரர். வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டுத் தைக்கிறார். கணவர் காலமாகிப் பல வருடம். அண்ணன் ஒருவர், அறுபத்து மூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கையோடுதான் இருக்கிறார். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் எங்கள் நிலையத்தின் கடைசல் பட்டறையில் லேத் ஓட்டியவர். அந்தப் பட்டறையை மூடி இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. ஆள் பதிவுகள்கூட எங்கேயோ போய்விட்டன.

"அண்ணனுக்கு நெஞ்சு முழுக்கத் தழும்பு சார்" என்றார். "டிபின்னு ரெண்டு தடவை மருந்து குடுத்தாச்சு, கேக்கலை. புது டாக்டர் சொல்றார், இது பட்டறைத் தூளால வந்ததா இருக்கலாமாம். ஏதோ ஒரு உலோகமாம். அதுவா இருந்தா வேற மருந்து இருக்கு, அதைக் குடுத்தா தாங்கிப் பிடிச்சுடலாம்கிறார். ஆனா டிபியா இருந்து அந்த மருந்தைக் குடுத்தா ஆளே போயிடுவாராம். ரத்தத்துல பார்க்க ஒரு டெஸ்ட் இருக்காம், வெளியூருக்கு அனுப்பணும். எந்த உலோகத்துல வேலை பார்த்தார்னு ஒரு காகிதம் இல்லாம அவங்க எடுத்துக்க மாட்டாங்களாம்."

"உங்க அண்ணனுக்கு ஞாபகம் இல்லையா?"

"செம்புங்கிறார். வெறும் செம்பு இப்படிப் பண்ணாதுங்கிறார் டாக்டர். ஆனா ஒண்ணு மட்டும் அண்ணனுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் வந்து, எல்லார் சட்டைக் காலர்லயும் சின்னதா ஒரு குழாயை மாட்டிவிட்டு, பட்டறைக் காத்தைப் பிடிச்சுட்டுப் போனாராம். அப்படின்னா அதைப் பத்தி யாராவது எழுதி வெச்சிருப்பாங்கல்ல?"

எழுதித்தான் வைத்திருப்பார்கள். எங்கள் விஞ்ஞானிகள் எழுதாமல் தும்மக்கூட மாட்டார்கள். தேடித் தருகிறேன் என்று சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கோப்பையைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமைகளில் அவருக்குத் தையல் விடுமுறை. அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். நான் அறிக்கைப் பெட்டிகளைப் பார்க்கும் நேரத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் புகைப்படங்களைப் புரட்டுவார். ஒரு நாள் தேதி இல்லாத ஒரு படத்தைக் காட்டி, "இது நீங்க போட்டிருக்கிற வருஷம் இல்லை சார்" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"காலரைப் பாருங்க, யானைக் காது மாதிரி. இந்தக் காலர் வந்தது அதுக்கு நாலு வருஷம் கழிச்சு. இதோ இவர் போட்டிருக்கிற பேன்ட், இது அதுக்கும் அடுத்த வருஷம். கீழே இவ்வளவு அகலம். இவர் நடந்தா தெருவைப் பெருக்க ஆளே வேண்டாம்."

சரிபார்த்தேன். அவர் சொன்ன வருடம்தான் சரி. அதற்குப் பிறகு தேதி இல்லாத படங்களை எல்லாம் அவருக்காக எடுத்து வைக்க ஆரம்பித்தேன். தையலைப் பார்த்து வருடம் சொல்லுவார், நான் குறித்துக்கொள்வேன். என் வேலையை இன்னொருவர் கூட உட்கார்ந்து செய்வது எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. வாசல் காவலாளி, "சார், உங்க புதன்கிழமை வந்தாச்சு" என்று கிண்டலாகக் கீழே போன் செய்வான். அந்தக் கிண்டலும் எனக்கு வேண்டித்தான் இருந்தது.

அவர் முதலில் வந்ததிலிருந்து நான்காவது வாரம், திங்கட்கிழமை, நாற்பத்தோராவது பெட்டியில் அறிக்கை கிடைத்தது. இரண்டு மழையளவு அறிக்கைகளுக்கு நடுவில் தவறிப்போய்ச் செருகியிருந்தது. "கடைசல் பட்டறைக் காற்றில் பெரிலியத் தூள்: ஆறு மாத அளவீடு." முப்பத்திரண்டு பக்கம். அவர்கள் செம்பு என்று நினைத்துக் கடைந்தது பெரிலியம் என்ற, நெஞ்சைத் தழும்பாக்கும் உலோகம் கலந்த செம்பு. கடைசிப் பக்கத்தில் பட்டியல். பதினொரு தொழிலாளர்கள், ஒவ்வொருவரும் சுவாசித்த தூளின் அளவு. நான்காவது பெயர் அந்த அம்மாவின் அண்ணன். அளவில் அவர்தான் முதல்.

அன்றே ஸ்கேன் செய்தேன். நீங்கள் கணினியில் பார்த்த தேதி அதுதான். நான் மறுக்கவில்லை.

அன்றே வெளியிட்டிருக்கலாம். அவருடைய தொலைபேசி எண்ணும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் பதினான்காம் பக்கம் கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. சாய்ந்த பக்கத்தை வெளியிடுவது என் வழக்கம் இல்லை. மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று சரிபார்ப்பில் போட்டேன். புதன்கிழமைக்கு இரண்டே நாள். நேரில் கொடுத்தால் அந்த முகத்தைப் பார்க்கலாமே என்று நினைத்தேன். அவருக்குப் பிடித்த பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கி வைத்தேன். என் எண்ணத்தில் அப்போது கெடுதல் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

புதன்கிழமை வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே மேசையில் கிடந்த ஒரு படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பட்டறை ஆட்கள் வரிசையாக நிற்கும் படம். மூன்றாவது ஆள் தலையை ஆட்டியதில் முகம் கலைந்திருந்தது. பெயர் தெரியாதவர் என்றுதான் நான் குறித்திருந்தேன்.

"இது என் அண்ணன் சார்."

"முகமே தெரியலையேம்மா."

"முகம் எதுக்கு? காலரைப் பாருங்க. இடது முனை அரை விரல்கடை நீளம். எனக்குப் பதிமூணு வயசு. நான் முதமுதல்ல தைச்ச சட்டை. ஊரே சிரிச்சது. அவிழ்த்துத் திருப்பித் தைச்சுத் தரேன்னேன், குடுக்கவே மாட்டேன்னுட்டார். அதையே போட்டுட்டு வேலைக்குப் போனார்."

அன்று மதியம்வரை பேசிக்கொண்டே இருந்தார். அண்ணன் அவரைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் போனது, முதல் சம்பளத்தில் பழைய தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தது, எல்லாம். அந்த அறையில் அத்தனை பேச்சு அதற்கு முன்னால் கேட்டதில்லை. கிளம்பும்போது, "அறிக்கை ஏதாவது தட்டுப்பட்டுதா சார்?" என்றார்.

"இன்னும் பார்க்காத பெட்டி நிறைய இருக்கும்மா" என்றேன்.

அது பொய் இல்லை. பார்க்காத பெட்டிகள் இருக்கத்தான் செய்தன. அடுத்த வாரம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதையேதான் நினைத்தேன்.

ஒரு வாரம் தாமதமானால் விளக்கம் சொல்லிவிடலாம். நான்கு வாரம் ஆகிவிட்டால் கஷ்டம். நான்கு மாதம் ஆன பிறகு அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகிவிடுகிறது. நான் என் பங்குக்கு மற்ற எல்லாவற்றையும் செய்தேன். அவர் பார்க்க நல்ல நல்ல படங்களாக எடுத்து வைத்தேன். அவருக்காக முதுகு சாயும் நாற்காலி ஒன்றை மேல்மாடியில் சண்டை போட்டு வாங்கி வந்தேன். புதிதாக ஏதாவது ஏறினால் தகவல் வருகிற மாதிரி, பட்டறை, தூள், உலோகம் என்ற மூன்று சொற்களைப் போட்டு அவருடைய மின்னஞ்சலை நானே பதிவு செய்து கொடுத்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

ஏழாவது மாதம் என் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததைப் பார்த்துவிட்டார். பையில் ஊசி நூல் எப்போதும் இருக்கும். "கழட்ட வேண்டாம், அப்படியே நில்லுங்க" என்று பக்கத்தில் வந்து தைக்க ஆரம்பித்தார். "அசையாதீங்கண்ணா, குத்திடும்."

அண்ணா என்றார். வாய் தவறிச் சொன்னாரா என்று பார்த்தேன். இல்லை; அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான் கூப்பிட்டார். என்னை உறவு சொல்லிக் கூப்பிட ஆள் இருந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவீர்கள் என்று தெரியவில்லை. ஆனால் எழுதுங்கள்.

இரண்டாம் வருடம் ஒரு ஞாயிறு பகலில் வீட்டுக்குக் கூப்பிட்டார். போனேன். அண்ணன் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளை. உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை. பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"வாங்க வாங்க. இவ தையல் மெஷினுக்கு அப்புறம் முழுசா நம்புற ஆள் நீங்கதான். மெஷினாவது அப்பப்ப நூலை அறுக்கும்."

"சும்மா இருண்ணே, மூச்சு வாங்கும்" என்றார் தங்கை.

"வாங்கட்டும், எப்படியும் வாங்கத்தான் போகுது. சார், எனக்கு ஒரு சந்தேகம். அது செம்புன்னுதான் சொன்னாங்க. ஆனா கொஞ்சம் மஞ்சளா, ஸ்பிரிங் மாதிரி விறைப்பா இருக்கும். கடைஞ்சா மாவு மாதிரி பறக்கும். நாங்க வாயால ஊதி ஊதித் தட்டிவிடுவோம். அது ஏதாவது எழுதியிருக்குமா?"

எழுதியிருந்தது. பத்தொன்பதாம் பக்கம், இரண்டாவது பத்தி. "தொழிலாளர்கள் தூளை வாயால் ஊதி அகற்றுகிறார்கள், இது உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்." இந்த வயதில், இந்த உடம்பில் இவ்வளவு துல்லியமான ஞாபகமா என்று வியந்தேன். அதை அவரிடமே சொன்னேன். "உங்க ஞாபகசக்தி அபாரம்" என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

அவருக்குத் தலையணையைச் சரிசெய்து வைத்தேன். அவர் இருமும்போது முதுகைத் தடவிக் கொடுத்தேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "நான் இல்லாட்டியும் அவளைப் பார்த்துக்குங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

அதற்கு மூன்று மாதம் கழித்து டாக்டரின் கடிதம் வந்தது. நூலகத்தின் பெயருக்கு வந்தாலும், பழைய அறிக்கைகள் சம்பந்தப்பட்ட எல்லாம் என் மேசைக்குத்தான் இறங்கும். மரியாதையாக எழுதியிருந்தார். நோயாளி வேகமாக மோசமாகிக்கொண்டிருக்கிறார், இன்னும் சில வாரங்களில் முடிவெடுத்தாக வேண்டும், குறிப்பிட்ட பட்டறையில் காற்றுத் தூள் அளவீடு செய்த அறிக்கை உங்களிடம் இருக்கிறதா இல்லையா, ஒரு வரி போதும் என்று.

அந்தக் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன். இருக்கிறது என்று எழுதலாம். எழுதினால், எப்போது கிடைத்தது என்ற கேள்வி வரும். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது. எழுதியதும் புதன்கிழமைகள் முடிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் நூலக முத்திரை பதித்த கடிதத் தாளில் தட்டச்சு செய்தேன்: "முழுமையாகத் தேடிப் பார்த்ததில், தாங்கள் குறிப்பிடும் அறிக்கை எங்கள் சேகரிப்பில் இல்லை என்று தெரிவித்துக்கொள்கிறோம்." கீழே கையெழுத்துப் போட்டேன். நீங்கள் காட்டிய நகலில் இருப்பது என் கையெழுத்துதான்.

அந்தக் கடிதத்தை நம்பி டாக்டர் மறுபடியும் டிபி மருந்தையே ஆரம்பித்தார். அவர்மேல் தவறில்லை. கையில் இருந்த காகிதத்தை வைத்துத்தானே அவர் முடிவெடுக்க முடியும்?

அடுத்த புதன்கிழமை அந்த அம்மா வரும்போதே முகம் சரியில்லை. நாற்காலியில் உட்காரவில்லை.

"டாக்டர் கேட்டு எழுதினாராம். இல்லைன்னு பதில் வந்துடுச்சாம். நீங்களா எழுதினீங்க?"

"ஆபீஸ்ல எல்லாருக்கும் பொதுவா எழுதற பதில்மா அது. அதுக்காக நாம தேடறதை விட்டுட முடியுமா?"

உட்கார்ந்து அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது இப்படிச் சொல்றீங்களேண்ணா" என்றார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அன்று இரண்டு பெட்டி பார்த்தோம். நானும் அக்கறையாகத்தான் தேடினேன். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் அவரோடு உட்கார்ந்து தேடும்போது அது கிடைக்கவில்லை என்பதே எனக்கு உண்மையாகத் தோன்றும்.

ஏழு வாரம் கழித்து அண்ணன் இறந்துபோனார்.

நான் போய்க் கடைசிவரை நின்றேன். கூட்டம் அதிகம் இல்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன், நாற்காலி எடுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னை அந்த அம்மாவின் சொந்த அண்ணன் என்றே நினைத்துக் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். நான் திருத்தவில்லை. அந்த நேரத்தில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பது நாகரிகம் இல்லை.

அடுத்து மூன்று புதன்கிழமை அவர் வரவில்லை. துக்கம், வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பிஸ்கட் வாங்கி வைத்தேன்.

நான்காவது வாரம் எங்கள் கணினிப் பிரிவுப் பெண் கீழே வந்தாள். எல்லாக் கோப்புகளையும் புதிய கணினிக்கு மாற்றுகிறார்கள். நீண்ட நாள் தேங்கியவற்றின் பட்டியல் அவள் கையில் இருந்தது.

"சார், ஒண்ணே ஒண்ணு எண்ணூறு நாளைக்கு மேல சரிபார்ப்புல நிக்குதே?"

"பதினாலாம் பக்கம் சாய்ஞ்சிருக்கும்மா."

"அவ்வளவுதானா? இதுக்கா எண்ணூறு நாள்? மெஷினே நிமிர்த்திடும் சார்." அங்கேயே, நின்றபடியே, இரண்டு பொத்தானைத் தட்டினாள். பக்கம் நிமிர்ந்தது. மூன்றாவது பொத்தானையும் தட்டினாள். வெளியீடு.

நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது? அவள் வேலையை அவள் செய்தாள். கணினியும் தன் வேலையைச் செய்தது. பதிவு செய்துவைத்த மூன்று சொற்களும் அறிக்கையில் இருந்தன. அந்த அம்மாவுக்குத் தகவல் போய்விட்டது.

மறுநாள் வந்தார். காவலாளி போன் செய்யவில்லை. அவர் அவனிடம் நிற்கவே இல்லையாம். கையில் முப்பத்திரண்டு பக்கமும் அச்செடுத்து வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தை என் முன்னால் வைத்தார். பிறகு விவரத் தாளை வைத்தார். ஸ்கேன் செய்த தேதிக்குக் கீழே தையல் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தார்.

"இது நான் வந்த நாலாவது வாரம்" என்றார்.

"ஆமாம்மா."

"அன்னிக்கே தெரியும்."

"ஒரு பக்கம் சரியா விழலைம்மா."

கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "இங்க உக்காந்து நாம எத்தனை தடவை டீ குடிச்சிருப்போம்?" என்று மட்டும் கேட்டார்.

"நூத்திப் பதினொண்ணு" என்றேன். கேட்டதால் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார். அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்திருக்கிறார்.

இவ்வளவுதான் நடந்தது. சுற்றி வளைத்துச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், நேராகவே எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கை என்னிடம் இருந்தது. படித்தேன். புரிந்தது. அது வெளியே போனால் அந்த அண்ணன் பிழைக்கலாம் என்று தெரிந்தே இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தேன். கேட்டவருக்கு இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் மூச்சுத் திணறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மனிதரைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன தண்டனை என்று நான் கேட்கப் போவதில்லை. செய்த தவறு முழுக்க எனக்குப் புரிந்துவிட்டது. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றாராம். நியாயம்தான். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனது. ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும்.

"அவங்க அண்ணன் முகம் தெளிவா, சிரிச்ச மாதிரி ஒரு படம் என்கிட்ட இருக்கு, தபால்ல அனுப்ப முடியாது, நேர்ல வந்தா தரேன்னு சொல்லுங்க."